முகப்பு மாறினால் ஏன் முகம் சுளிக்கிறது?

2010 ஜூன் 10 அன்று கூகுளின் முகப்பைத் திறந்தவர்கள், வழக்கமான வெள்ளைப் பரப்புக்குப் பதில் ஒரு வண்ணப் படத்தைக் கண்டார்கள். தேடல் பெட்டிக்குப் பின்னால் கலைஞர்களின் படங்களை ஒரு நாள் முழுக்கக் காட்டுவது நிறுவனத்தின் திட்டம். ஒரு நாள்கூட அது தாங்கவில்லை. பின்னணியை எப்படி நீக்குவது என்ற கேள்வியே அன்று கூகுளில் அதிகம் தேடப்பட்டவற்றுள் ஒன்றாக ஏறியது. சுமார் 14 மணி நேரத்தில் படம் இறக்கப்பட்டது. தேடியவர்களுக்குக் கிடைத்த விடைகளில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது சுவரின் நிறம் மட்டுமே.

இதற்கு ஓராண்டு முன்பு, 2009 ஜூனில், மைக்ரோசாப்ட்டின் பிங் வந்தது. அது பிறந்ததே முகப்பில் பெரிய ஒளிப்படத்தோடுதான். அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நாளொரு படம் என்பது பிங்கின் அடையாளமாகவே நிலைத்தது. ஒரே உத்தி ஓரிடத்தில் அலங்காரமாகவும் இன்னோரிடத்தில் அத்துமீறலாகவும் தெரிந்தது எப்படி? தேடுபொறியின் தோற்றத்தை மாற்றும்போது பயனர் காட்டும் வெறுப்பு உண்மையில் எதன்மீதான வெறுப்பு? இந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல துறைகள் விடை சொல்லி வந்திருக்கின்றன. உளவியலார் ஒன்று சொன்னார்கள், தகவல் மீட்பு ஆய்வாளர்கள் வேறொன்று, நிறுவனங்களின் புள்ளியியலாளர்கள் மூன்றாவதாக ஒன்று. அவற்றின் வலுவையும் ஓட்டைகளையும் இக்கட்டுரை பார்க்கிறது. நூலகப் பட்டியல்களையும் அலுவலக உள்தேடல்களையும் விட்டு, பொது இணையத் தேடலோடு நிறுத்திக்கொள்கிறது.

பழக்கத்தின்மேல் போட்ட பழி

மிக எளிய விடை பழக்கம். அடிக்கடி கண்ணில் படும் பொருள்மீது, வேறு காரணமே இல்லாமல், விருப்பம் கூடுகிறது என்று 1968இல் ராபர்ட் ஸயான்ஸ் காட்டினார். இருக்கும் நிலையிலேயே இருந்துவிட விரும்பும் சாய்வை 1988இல் சாமுவல்சனும் செக்ஹவுசரும் பொருளியலுக்குள் கொண்டுவந்தார்கள். ஜான் கௌர்வில் 2006இல் இதை வணிக மொழியில் சொன்னார்: கையில் இருப்பதைப் பயனர் மூன்று மடங்கு உயர்த்தி மதிக்கிறார், தான் செய்த புதுப்பொருளைத் தயாரிப்பாளர் மூன்று மடங்கு உயர்த்தி மதிக்கிறார், இரண்டுக்கும் நடுவே ஒன்பது மடங்கு பள்ளம் விழுகிறது.

வடிவமைப்பாளர்களுக்கு இந்த விளக்கம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. எந்தப் புகாரையும் 'கொஞ்ச நாளில் பழகிவிடும்' என்று ஒதுக்கிவிட இது வழி தருகிறது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பு வந்தால் பழக்கம் காரணம், எதிர்ப்பு ஓய்ந்தால் புதிய பழக்கம் காரணம் என்று எல்லாவற்றையும் விளக்கும் கோட்பாடு எதையும் முன்கூட்டிச் சொல்லாது. வரலாறும் இதற்கு முழுச் சாட்சியம் தரவில்லை. தட்டச்சு செய்யும்போதே சொற்களை முன்மொழியும் வசதி 2004இல் சோதனையாக வந்து 2008இல் கூகுள் முகப்பில் நிலைபெற்றது. 2007இல் படங்களும் செய்திகளும் வலைப்பக்க முடிவுகளோடு கலந்தன. 2012இல் வலப்பக்கம் தகவல் பெட்டி முளைத்தது. மூன்றும் பெரிய மாற்றங்கள்தாம். படம் ஒன்று பின்னால் தெரிந்ததற்கு எழுந்த கூச்சல் இவற்றுக்கு எழவில்லை. ஏற்கப்பட்ட இம்மாற்றங்களுக்குள் ஓர் ஒற்றுமை தென்படுகிறது. இவை பழைய வரிசையைக் கலைக்காமல் அதன் இடையிலோ பக்கத்திலோ வந்து உட்கார்ந்தவை. வேண்டாதவர் கண்டுகொள்ளாமல் கடந்து போகலாம்.

பழக்கம் என்பதைவிட நுட்பமான விளக்கத்தை 1987இலேயே ஜான் கரோலும் மேரி பெத் ராசனும் தந்திருந்தார்கள். கருவியைக் கற்றுக்கொள்ளச் சற்று நேரம் செலவிட்டால் பின்னால் நிறைய நேரம் மிச்சமாகும். ஆனாலும் பயனர் அதைச் செய்வதில்லை, ஏனெனில் அவர் கருவியிடம் வரவில்லை, வேலையிடம் வந்திருக்கிறார். இதைச் சோம்பல் என்று கொள்வது தவறு. கதவின் கைப்பிடியை ஆராய யாரும் வீட்டுக்குள் வருவதில்லை. தேடல் பக்கத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். வரும்போதே வெளியேறும் எண்ணத்தோடு வரும் பக்கம் அது.

வரைபடங்கள் ஏன் தோற்றன

புதுமுயற்சிகளின் பெரிய கல்லறை 2000க்கும் 2010க்கும் இடையில் இருக்கிறது. நீல வரிகளாக அடுக்கிய பட்டியல் பழங்காலத்து மிச்சம், அதைப் படமாகவோ கொத்தாகவோ வரைபடமாகவோ மாற்றினால் பயனர் ஓடிவருவார் என்று பலர் நம்பிய காலம் அது.

கொத்தாக்கும் எண்ணம் அதற்கும் பழையது. 1992இல் ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கட்டிங், கார்கர், பெடர்சன், டூக்கி நால்வரும் ஆவணங்களைத் தானாகக் குழுக்களாகப் பிரித்து, பயனர் தேர்ந்த குழுவை மறுபடி பிரித்துக் காட்டும் முறையை முன்வைத்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து வந்த விவிசிமோ நிறுவனம் இதே வழியில் 2004இல் கிளஸ்ட்டி என்ற தேடுபொறியைத் திறந்தது. பிரான்சின் கார்ட்டூ முடிவுகளைத் தீவுகள் போல மிதக்கவிட்டு, இடையே கோடுகள் வரைந்தது. குரோக்கர் வட்டத்துக்குள் வட்டமாக அடுக்கியது. 2008இல் வந்த சர்ச்மீ பக்கங்களின் படங்களைச் சீட்டுக்கட்டுபோல் புரட்டவிட்டது. மைக்ரோசாப்ட் 2006இல் செய்த மிஸ் டூவி இன்னும் ஒரு படி மேலே போனது: முன்பே படம்பிடிக்கப்பட்ட நடிகை ஒருவர் திரையில் நின்று, நாம் தேடுவதைப் பற்றிக் கிண்டலடிப்பார். ஒருமுறை பார்க்க வேடிக்கை. பத்தாவது முறை, மருந்தின் பெயரைத் தேடும் அவசரத்தில், அது வேடிக்கையாக இருக்காது. 2010 முடிவதற்குள் இவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டன அல்லது கைமாறின. கூகுளே 2009இல் கொண்டுவந்த வியப்புச் சக்கரம் என்ற வட்டவடிவத் தேடல் வரைபடமும் 2011இல் காணாமல் போயிற்று.

இந்தத் தோல்வியை மிகப் பொறுமையாக ஆராய்ந்தவர் பெர்க்லியின் மார்ட்டி ஹெர்ஸ்ட். தேடல் இடைமுகங்கள் குறித்து 2009இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. அவர் வாதத்தின் சாரம் இது: சொற்களுக்கு இயல்பான வரிசை கிடையாது. வெப்பநிலையையோ வருமானத்தையோ இடமாகவும் உயரமாகவும் நீளமாகவும் மாற்றலாம், கண் உடனே புரிந்துகொள்ளும். 'வாழை' என்ற சொல்லுக்கு மேலே எது, கீழே எது? வரைபடத்தில் இரண்டு முடிவுகள் அருகருகே இருப்பதற்கு என்ன பொருள் என்று பயனர் ஊகிக்க வேண்டியிருக்கிறது; ஊகித்த பிறகும் தலைப்பைப் படித்தே ஆகவேண்டும். எனவே படம் படிக்கும் வேலையைக் குறைக்கவில்லை, அதன்மேல் இன்னொரு வேலையை ஏற்றியது. தானாக உருவாகும் கொத்துகளைவிட, விலை, அளவு, காலம், இடம் என்று முன்கூட்டி வகுத்த பிரிவுகளையே பயனர்கள் விரும்புகிறார்கள் என்றும் அவர் 2006இல் எழுதினார். கொத்துகளின் பெயர்கள் ஒழுங்கின்றி இருந்தன. அடுத்த முறை அதே கொத்து வருமா என்ற உறுதியும் இல்லை. இன்று இணையக் கடைகளின் இடப்பக்கத்தில் நாம் குறியிடும் கட்டங்கள் ஹெர்ஸ்ட் ஆதரித்த அந்தப் பிரிவுகளின் வாரிசுகள். ஆக, புதுமை எல்லாம் தோற்கவில்லை. இடம் கிடைத்த ஊரில் அது குடியேறிவிட்டது.

ஹெர்ஸ்ட்டின் வாதத்தோடு பெரிதும் உடன்படலாம். ஆனாலும் இரண்டு இடறல்கள் உண்டு. முதலாவது, 1999இல் வெளியான செப்ரெக்ட்ஸ் குழுவின் ஒப்பீடு. முடிவுகளை உரையாகவும் இருபரிமாணமாகவும் முப்பரிமாணமாகவும் காட்டிப் பார்த்தபோது, தொடக்கத்தில் உரைதான் வேகம். ஆனால் அமர்வுகள் கூடக்கூட முப்பரிமாணத்தின் நேரம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்து வந்தது. அப்படியானால் வரைபடம் இயல்பிலேயே தாழ்ந்ததா, பழகும் வரை காத்திருக்கச் சந்தை விடவில்லையா? இரண்டாவது, அத்தனை தேடலும் ஒரே வகை அல்ல. ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போவது, ஒரு தகவலை அறிவது, ஒரு காரியத்தை முடிப்பது என்று ஆண்ட்ரே பிரோடர் 2002இல் தேடலை மூன்றாகப் பிரித்தார். கேரி மார்க்கியோனினி 2006இல், கற்பதற்காகவும் ஆராய்வதற்காகவும் அலைந்து தேடுவதைத் தனியாக எடுத்து வைத்தார். மின்வாரியக் கட்டணப் பக்கத்தைத் தேடுகிறவருக்கு வரைபடம் தொல்லை. புதிய துறைக்குள் நுழையும் ஆய்வு மாணவருக்கும் அப்படித்தானா என்பதைப் பொதுச் சந்தையின் தோல்வி நிரூபிக்கவில்லை.

மூன்றாவதாக ஒரு எச்சரிக்கையும் தேவை: இந்தத் தோல்விகள் எல்லாவற்றையும் இடைமுகத்தின் கணக்கில் எழுத முடியாது. 2008 ஜூலையில் கூகுளின் முன்னாள் பொறியாளர்கள் கூயில் என்ற தேடுபொறியைத் திறந்தார்கள். 12,000 கோடிப் பக்கங்களைத் தொகுத்திருப்பதாக அறிவித்தார்கள். முடிவுகளை இதழின் பத்திகள்போல் அடுக்கினார்கள். முதல் நாளே சேவை தடுமாறியது, முடிவுகள் பொருந்தவில்லை, பக்கத்தில் இருந்த படங்களுக்கும் செய்திக்கும் பல நேரம் தொடர்பே இல்லை. 2010இல் மூடப்பட்டது. பத்தி வடிவம் பிடிக்காமல் பயனர் ஓடினாரா, பந்தியில் சோறு வேகவில்லை என்று எழுந்தாரா? பின்னதற்கே வாய்ப்பு அதிகம். அதேபோல் ஆஸ்க் நிறுவனம் 2007இல் மூன்று பத்திகளாகப் பக்கத்தை மாற்றியபோது விமர்சகர்கள் நன்றாகவே எழுதினார்கள். 2010இல் அது சொந்தத் தேடல் தொழில்நுட்பத்தையே கைவிட்டது. பாராட்டும் பயனும் வேறு வேறு வழியில் போன எடுத்துக்காட்டு அது.

வாயைக் கேட்பதா, விரலை எண்ணுவதா

மூன்றாவது நிலைப்பாடு நிறுவனங்களுக்குள்ளிருந்து வந்தது. பயனர் சொல்வதை விடுங்கள், செய்வதை எண்ணுங்கள் என்பது அதன் வேதம். இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2006இல் கூகுளின் மரிசா மேயர் ஒரு மாநாட்டில் சொன்ன நிகழ்ச்சி. பத்துக்கும் அதிகமான முடிவுகள் வேண்டும் என்று பயனர்கள் கேட்டார்கள். 30 காட்டப்பட்ட குழுவில் தேடலும் வருவாயும் 20 சதவீதம் சரிந்தன. பக்கம் வருவதற்கு அரை வினாடி கூடுதலானதே காரணம் என்றார் மேயர். கேட்டதைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்ற பாடமாக இது பரவியது. ஆனால் பின்னாளில் மைக்ரோசாப்ட்டின் ரான் கொஹாவியும் சகாக்களும் ஐயம் எழுப்பினார்கள்: வேகம் மட்டும் இவ்வளவு வேலை செய்திருக்காது, முடிவுகளின் எண்ணிக்கையும் சேர்ந்தல்லவா மாறியது? கூகுளே 2009இல் வெளியிட்ட தாமதச் சோதனையில், 0.1 முதல் 0.4 வினாடி வரை தாமதப்படுத்தியபோது தேடல் 0.2 முதல் 0.6 சதவீதமே குறைந்தது. வேகம் முக்கியம் என்பதற்கு அது சான்று; 20 சதவீதத்துக்கு அல்ல.

விரலை எண்ணுவதில் இதைவிட ஆழமான குழி ஒன்று உண்டு. 2012இல் கொஹாவி குழு தங்கள் சோதனை அனுபவத்திலிருந்து ஒரு புதிரை வெளியிட்டது. பிங்கில் நிரல் பிழை காரணமாக ஒரு குழுவுக்கு மிக மோசமான முடிவுகள் போய்ச் சேர்ந்தன. விளைவு: ஒருவர் செய்யும் தேடல் 10 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது, வருவாய் 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தது. விடை கிடைக்காதவர் மறுபடி மறுபடி தேடினார். முடிவுகள் உதவாததால் விளம்பரத்தைச் சொடுக்கினார். எண்ணிக்கையை மட்டும் நம்பியிருந்தால் பிழையையே புதிய வடிவமாக நிறுவியிருப்பார்கள். எனவே அவர்கள் தேடலின் எண்ணிக்கையை விட்டு, ஒரு பயனர் எத்தனை முறை திரும்பி வருகிறார் என்பதை அளவுகோலாக வைத்தார்கள். தேடுபொறியின் புள்ளியியல் எழுத்துகளில் இவ்வளவு நேர்மையான ஒப்புதல் அரிது.

சொடுக்கு தரமான சாட்சி அல்ல என்பதைக் கண் நகர்வு ஆய்வுகளும் காட்டின. கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சுற்றி நடந்த வேலைகளின் தொடர்ச்சியாக 2007இல் பான் குழு வெளியிட்ட ஆய்வில், கூகுளின் முடிவுகள் பயனருக்குத் தெரியாமல் தலைகீழாக அடுக்கப்பட்டன. அப்போதும் மேலே இருந்தவற்றையே மாணவர்கள் அதிகம் தேர்ந்தார்கள். வரிசையின்மேல் அவ்வளவு நம்பிக்கை. பயனர் சொடுக்கியதால் அது நல்ல முடிவு என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நல்ல முடிவு மேலேதான் இருக்கும் என்று பயனர் எடுத்துக்கொள்கிறார்.

காலமும் கணக்கைக் குழப்பும். 2015இல் ஹோன்ஹோல்ட், ஓப்ரையன், டாங் ஆகிய கூகுள் ஆய்வாளர்கள் நீண்டகால விளைவை அளந்தபோது, விளம்பரத்தின் தரமும் எண்ணிக்கையும் மாறினால் அவற்றைக் காணாமலே கடக்கப் பயனர் மெல்ல மெல்லக் கற்றுக்கொள்வது தெரிந்தது. இந்த அளவீட்டின் அடிப்படையில் கைபேசித் தேடலில் விளம்பரச் சுமையைப் பாதியாகக் குறைத்ததாக எழுதினார்கள். புகாரும் இல்லை, வெளியேற்றமும் இல்லை. கண் மட்டும் மரத்துப்போகிறது. இரண்டு வாரச் சோதனையில் இது அகப்படாது. பயனரின் எதிர்வினைகளிலேயே மிகப் பரவலானது ஒருவேளை இந்த மரத்துப்போதலாக இருக்கலாம்.

யாருக்காக மாற்றினாய்

நான்காவது விளக்கம் இளையது, ஆய்வுக்கூடத்தைவிட நாளிதழ்களிலும் ஒழுங்காற்று விவாதங்களிலும் உருவானது: பயனர் வெறுப்பது வடிவத்தை அல்ல, வடிவத்துக்குப் பின்னால் அவர் ஊகிக்கும் நோக்கத்தை. 2008 நவம்பரில் கூகுள் கொண்டுவந்த சர்ச்விக்கி, முடிவுகளை மேலேற்றவும் நீக்கவும் குறிப்பெழுதவும் பயனருக்கு அதிகாரம் தந்தது. எழுந்த முதல் புகார் அதிகாரம் போதாது என்பதல்ல, இதை அணைக்கும் பொத்தான் எங்கே என்பதே. 2010 மார்ச்சில் அதன் இடத்தில் ஒரு சிறிய நட்சத்திரம் வந்தது.

இந்த விளக்கத்துக்குச் சிறந்த சாட்சியம் 2020 ஜனவரி. தளங்களின் சின்னங்களை முடிவுகளுக்கு அருகே காட்டும் வடிவம் 2019 முதலே கைபேசியில் இருந்தது. கணினித் திரைக்கு அது வந்தபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. விளம்பரத்துக்கும் முடிவுக்கும் வேறுபாடு மங்குகிறது என்பதே குற்றச்சாட்டு. இரண்டே வாரத்தில் நிறுவனம் பின்வாங்கி, சின்னங்களின் இடத்தை மாற்றிப் பார்ப்பதாக அறிவித்தது. பழக்கம்தான் காரணம் என்றால் 'ஏமாற்றுகிறார்கள்' என்ற சொல் வந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் நோக்க விளக்கத்தையும் முழுதாக ஏற்க முடியாமல் செய்வது அடுத்து நடந்தது: 2023இல் சின்னங்கள் கணினிக்குத் திரும்பி வந்தன, இம்முறை ஏறக்குறைய ஓசையின்றி. நம்பிக்கை மீண்டதா, எதிர்க்க அலுத்ததா, விளம்பரத்துக்கான குறிப்பின் சொல்லை மாற்றியது உதவியதா என்று பிரித்தறிய வழி இல்லை.

சொடுக்காதவரின் மௌனம்

பழைய விளக்கங்கள் அனைத்தும் இப்போது ஒரே இடத்தில் சோதிக்கப்படுகின்றன. 2024 மே 14 அன்று கூகுள், முடிவுகளுக்கு மேலே செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கத்தை அமெரிக்கப் பயனர்களுக்குப் பரவலாகத் திறந்தது. பீட்சாவில் பாலாடைக்கட்டி ஒட்டப் பசை சேர்க்கலாம், தினம் ஒரு சிறுகல் உண்ணலாம் என்ற விடைகள் உலகம் சுற்றின. முன்னது பழைய நகைச்சுவைப் பதிவிலிருந்தும் பின்னது கேலிச் செய்தித்தளத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை. மாத இறுதிக்குள் நிறுவனம் விளக்கம் அளித்துச் சில வகைக் கேள்விகளுக்குச் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தியது. ஆனால் பயனரின் கைவேலைதான் கூடுதல் சுவையானது. தேடல் முகவரியின் வாலில் 'யூடிஎம்=14' என்ற குறியீட்டைச் சேர்த்தால் சுருக்கம் இல்லாத வெறும் இணைப்புப் பட்டியல் வரும் என்று கண்டுபிடித்துப் பகிர்ந்தார்கள். 2010இல் பின்னணியை நீக்க வழி தேடியவர்களின் பரம்பரை இது.

எண்களும் வந்துவிட்டன. பியூ ஆய்வு மையம் 900 அமெரிக்கப் பெரியோர் 2025 மார்ச்சில் செய்த 68,879 தேடல்களைப் பார்த்தது. சுருக்கம் இருந்த பக்கங்களில் வழக்கமான இணைப்பைச் சொடுக்கியது 8 சதவீதம்; இல்லாதவற்றில் 15 சதவீதம். சுருக்கத்துக்குள் இருந்த இணைப்பைச் சொடுக்கியது வெறும் 1 சதவீதம். சுருக்கத்தோடு உலாவலையே முடித்துக்கொண்டது 26 சதவீதம், இல்லாதபோது 16.

இதை எப்படிப் படிப்பது? பதிப்பாளர்கள் திருட்டு என்று படிக்கிறார்கள், நிறுவனங்கள் திருப்தி என்று படிக்கின்றன. இரண்டுக்கும் முன்னுதாரணம் உண்டு. சொடுக்காமல் போவது எப்போதும் தோல்வி அல்ல, விடை பக்கத்திலேயே கிடைத்துவிட்ட 'நல்ல கைவிடல்' என்று 2009இலேயே கூகுள் ஆய்வாளர்கள் பெயரிட்டிருந்தார்கள். மழை வருமா என்று பார்த்தவர் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. ஆனால் மழையின் உண்மையை வாசலில் நின்று சரிபார்க்கலாம். மருந்தின் அளவைச் சுருக்கத்தில் படித்துவிட்டுப் போனவர் சரியான விடையோடு போனாரா என்பதை எந்தப் பதிவேடும் காட்டாது. தலைகீழ் வரிசையிலும் மேலிருந்ததை நம்பிய மாணவர்கள் இங்கே நினைவுக்கு வர வேண்டும். அந்த 'மேல்' இப்போது ஒரு பத்தியாகிவிட்டது.

தீராமல் நிற்பவை

நான்கு விளக்கங்களுள் எதுவும் தனியாக நிற்கவில்லை என்பதே இதுவரையான சான்று. எனினும் அவற்றுக்கு ஒரே எடை என்று சொல்வதற்கில்லை. பழக்க விளக்கம் தன் தகுதிக்கு மேல் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. படிக்கும் வேலையைக் கூட்டியதா குறைத்ததா என்ற ஹெர்ஸ்ட் வழிக் கேள்வி பெரும்பாலான தோல்விகளை விளக்குகிறது. அணைக்கும் பொத்தான் இருந்ததா என்ற சிறிய விவரம், எழுத்துகளில் பெற்றிருப்பதைவிடக் கூடுதல் கவனத்துக்கு உரியது. எதிர்ப்பு வெடித்த நிகழ்வுகளில் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது; ஆனால் எதிர்ப்பு வெடித்தவையே நம் நினைவில் நிற்பதால், தேர்வுச் சாய்வு இதில் இருக்கக்கூடும்.

அளவீட்டில் இரண்டு கணக்குகள் முடியவில்லை. மரத்துப்போன கண்ணையும் ஏற்றுக்கொண்ட கண்ணையும் பிரித்தறியும் அளவுகோல் எது என்பது ஒன்று. நல்ல கைவிடலையும் பொய்யான நிறைவையும் வெளியிலிருந்து பிரிக்க முடியுமா என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தேவையான நீண்டகாலப் பதிவுகள் நிறுவனங்களிடமே இருக்கின்றன. வெளியிடுவதும் அவர்கள் விருப்பம்.

இங்கே எடுத்துக்காட்டிய ஆய்வுகள் அனேகமாக ஆங்கிலப் பக்கங்களின் மீதும் அமெரிக்கப் பயனர் மீதும் செய்யப்பட்டவை. இந்தியாவில் 2020 டிசம்பரில் கூகுள், ஆங்கில முடிவுகளுக்கும் தமிழ் முடிவுகளுக்கும் இடையே மாறிக்கொள்ளும் வசதியைத் தமிழுக்கும் தெலுங்கு, வங்காளம், மராத்திக்கும் விரிப்பதாக அறிவித்தது. அதுவும் ஓர் இடைமுக மாற்றம்தான். அங்கே இரு பட்டியல்களுக்கும் இடையே மாறி மாறிப் பார்த்துப் பயனரே தேர்ந்தார். தமிழில் கேட்ட கேள்விக்கு ஆங்கிலப் பக்கங்களைப் படித்து எந்திரம் தமிழில் ஒரு பத்தி எழுதித் தரும்போது, மூலத்தைச் சொடுக்கினாலும் அதை எளிதாகப் படிக்க முடியாத வாசகர் அந்தப் பத்தியை எதை வைத்து நம்புவார், எதை வைத்து ஐயப்படுவார் என்பதற்கு 8, 15, 1 என்ற எண்களில் விடை இல்லை.